ஒரு விரற்கடை உயரம்

பழைய மோட்டார் வண்டிகளைப் புதுப்பித்து ஊர்வலமாக விடுகிற வைபவங்கள் நம் தேசத்தின் பெரிய நகரங்களில் அவ்வப்போது நடக்கின்றன. டில்லியில் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகை 1964-ஆம் வருஷத்தில் இத்தகைய ஊர்வலம் ஒன்றைத் தொடங்கிவைத்தது. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்து பார்க்கிறார்கள். வர்ணத்தின் பளபளப்பைப் பார்த்து வியக்கிறார்கள். பித்தளை விளக்கைத் தொட்டுப் பார்க்கிறார்கள். குழந்தைகள் ஹாரனை அழுத்திப் பார்த்து ஆனந்தம் அடைகிறார்கள். ஆனால் கூட்டத்தில் எங்கோ ஓர் ஓரத்தில், கையெல்லாம் கிரீஸ் கறை ஊறிப்போன முதிய மெக்கானிக் ஒருவர் நின்றால், அவருடைய கண் வர்ணத்தின்மேல் செல்லாது. சக்கரத்துக்கும் அதற்கு மேலுள்ள மட்கார்டுக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடத்தைத்தான் அவர் முதலில் பார்ப்பார். இடப்பக்கம் பார்ப்பார், வலப்பக்கம் பார்ப்பார், பிறகு ஒன்றும் சொல்லாமல் தலையை அசைப்பார்.

அந்தத் தலையசைப்புக்கு என்ன பொருள் என்பதையே இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறோம்.

வண்டி நிற்கும் உயரம் வெறும் அழகைப் பற்றிய விஷயம் என்று பலர் எண்ணுகிறார்கள். வாலிபர்களுக்கு வண்டி தரையோடு தரையாகப் பதுங்கி நிற்க வேண்டும். நமது சாலைகளின் மேடு பள்ளங்களையும் வேகத்தடைகளையும் அனுபவித்தவர்களுக்கோ அது எட்டி நிற்க வேண்டும். இரு கட்சியாரும் பட்டறைக்குச் சென்று, “கொஞ்சம் இறக்கிக் கொடு”, “கொஞ்சம் ஏற்றிக் கொடு” என்று கேட்கிறார்கள். வண்டி ஏன் இப்பொழுது இருக்கிற உயரத்தில் நிற்கிறது என்ற கேள்வியை மாத்திரம் யாரும் கேட்பதில்லை. உண்மையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதற்கு விடை தெரியும்முன் ஸ்பானரைத் தொடுவது, நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

கோழிமுட்டை என்று இகழப்பட்ட கார்

பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு பேசுவது நலம். நம்மவர்களுக்கு நன்கு அறிமுகமான மாரிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். இது 1948-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதலாகப் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. இதை வகுத்தவர் அலெக் இஸ்ஸிகோனிஸ் என்னும் நிபுணர். ஸ்மிர்னா நகரில் 1906-இல் பிறந்த இவரே பிற்காலத்தில், 1959-இல், மினி என்னும் குட்டிக் காரையும் உலகுக்கு அளித்தவர். மாரிஸ் கம்பெனியின் அதிபரான நப்பீல்ட் பிரபு மைனரைப் பார்த்துவிட்டு, இது உடைத்து வேகவைத்த கோழிமுட்டையைப் போல் அல்லவா இருக்கிறது என்று முகம் சுளித்தாராம். ஆனால் அந்தக் கோழிமுட்டை 1960-க்குள் பத்து லட்சம் விற்றது. பிரிட்டனில் செய்யப்பட்ட கார்களில் பத்து லட்சத்தை எட்டிய முதல் கார் அதுதான்.

மைனரின் சரித்திரத்தில் நமது விஷயத்துக்குப் பொருத்தமான ஒரு சம்பவம் உண்டு. கார் அநேகமாகத் தயாராகிவிட்ட நிலையில், அதன் அகலம் போதாது என்று இஸ்ஸிகோனிஸுக்குத் தோன்றியது. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுக்கச் சொன்னார். இரு பாதிகளையும் விலக்கி விலக்கிப் பார்த்தார். நான்கு அங்குலம் விலகியதும், “இதுதான்” என்று நிறுத்தினார். நான்கு அங்குலம் என்பது நமது கையில் நான்கைந்து விரற்கடைக்கு மேல் இல்லை. ஆயினும் வண்டியின் அழகும் சாலையைப் பற்றி ஓடும் சக்தியும் அதனால் மேம்பட்டன. முன்பே செய்து குவித்திருந்த பம்பர்களை நடுவில் வெட்டி ஒட்டுப் போட வேண்டி வந்தது. அதற்கும் அவர் அஞ்சவில்லை. இத்தனை கண்டிப்பாக அளவு பார்த்த மனிதர், தமது வண்டி நிற்கும் உயரத்தை மட்டும் ஏனோதானோ என்று விட்டிருப்பாரா?

நம் தேசத்துக்கும் இந்த வண்டிக்கும் உறவு உண்டு. ஸ்ரீ பி. எம். பிர்லா 1942-ஆம் வருஷத்தில், அதாவது நாடு சுதந்திரம் அடையும் முன்பே, குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். பிறகு தொழிற்சாலை வங்காளத்தில் உத்தர்பாராவுக்கு மாறியது. அங்கே மாரிஸ் மைனர், ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்ற பெயரில் இந்தியப் பிரஜையாயிற்று. அதன் தமையன்மாரான மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டிகள், ‘லாண்ட்மாஸ்டர்’ என்றும் ‘அம்பாஸடர்’ என்றும் பெயர் பூண்டன. மந்திரி முதல் வாடகைக் கார் ஓட்டுநர் வரையில் அனைவரையும் சுமந்த அம்பாஸடரின் உற்பத்தி 2014-இல் நின்றது. வண்டிகள் நின்றுவிடவில்லை. அவற்றைப் புதுப்பித்து வைத்துக்கொள்ள ஆசைப்படும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

வில் வண்டியிலிருந்து முறுக்குக் கம்பிக்கு

நமது பாட்டனார்கள் பிரயாணம் செய்த வில் வண்டியை நேயர்கள் அறிவார்கள். நாட்டு வண்டியில் கூடு நேரே அச்சின்மேல் உட்கார்ந்திருக்கும். ஆகையால் சக்கரம் கல்லில் ஏறினால் பிரயாணியின் முதுகெலும்புக்கு உடனே சமாசாரம் போய்விடும். வில் வண்டியிலோ அச்சுக்கும் கூட்டுக்கும் நடுவில் வளைந்த உருக்குப் பட்டைகள் இருக்கும். கல்லின் அதிர்ச்சியை அந்த வில் வாங்கிக்கொள்ளும். மைனரின் பின்புறத்தில் இருப்பதும் இந்த வில்பட்டைகளேதான்.

முன்புறத்தில் இருப்பது வேறு. அங்கே வளையும் வில் இல்லை. முறுகும் கம்பி இருக்கிறது. ஈரத்துணியின் ஒரு முனையை ஒருவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையை மற்றவர் முறுக்குகிறார் அல்லவா? கையை விட்டதும் துணி திரும்பிச் சுழலப் பார்க்கும். அந்தத் துணியின் இடத்தில் நீண்ட உருக்குக் கம்பி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்முனை வண்டியின் அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கிறது. முன்முனை, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் மூட்டில் பொருந்தியிருக்கிறது. சக்கரம் மேலே எழும்பினால் அந்தக் கை திரும்பும். கை திரும்பினால் கம்பி முறுகும். முறுகிய கம்பி சக்கரத்தை மறுபடி கீழே தள்ளும். இதற்கு ‘டார்ஷன் பார்’ என்று பெயர். நாம் முறுக்குக் கம்பி என்றே சொல்வோம். ஜெர்மனியில் டாக்டர் பெர்டினாண்ட் போர்ஷே இத்தகைய அமைப்புக்கு 1931-இல் உரிமை பெற்றார். பிரான்ஸில் சித்ரோயன் கம்பெனி 1934-இல் தனது புதிய காரில் இதைப் பயன்படுத்தியது. அம்பாஸடரின் மூலமான ஆக்ஸ்போர்டிலும் முன்புறம் முறுக்குக் கம்பிகளே இருந்தன.

பார்ப்பதற்கு இது வெறும் இரும்புத் தடிதான். அதன் சாஸ்திரமோ சூட்சுமமானது. கம்பியின் விறைப்பு அதன் கனத்தின் நான்காம் வர்க்கத்தைப் பொறுத்தது. அதாவது, கம்பி இரண்டு மடங்கு பருத்தால் விறைப்பு இரண்டு மடங்கு ஆகாது, பதினாறு மடங்காகும். நூற்றுக்குப் பத்துப் பங்கு பருத்தாலே நூற்றுக்கு நாற்பத்தாறு பங்கு விறைத்துவிடும். மேலும் முறுகும் கம்பியில் நடுப்பகுதிக்கு வேலை குறைவு. மேற்பரப்புக்கே பாரம் அதிகம். ஆகையால் மேற்பரப்பில் உளியால் ஒரு கீறல் போட்டாலும், துருப்பிடித்து ஒரு குழி விழுந்தாலும், வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். அடையாளம் வைக்க வேண்டுமானால் சிறிது வர்ணத்தைத் தடவலாம், உளி கூடாது. நெருப்பு அறவே கூடாது. தாழ்ந்த கம்பியை வாயு விளக்கால் காய்ச்சி நிமிர்த்துகிறேன் என்று எவரேனும் சொன்னால், அந்தப் பட்டறையிலிருந்து வண்டியை உடனே அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். காய்ச்சிய இடத்தில் உருக்கின் பதம் போய்விடும்.

இரண்டு தப்பெண்ணங்கள்

இங்கே இரண்டு தப்பெண்ணங்களை நீக்கிவிடுவது அவசியம்.

முதலாவது, “வயதாகிவிட்டது, ஸ்பிரிங் இளகிவிட்டது” என்பது. மனிதனைப் போல் உருக்கு வயதால் இளகுவதில்லை. அதன் விறைப்பு நாற்பது வருஷத்துக்கு முன் இருந்தபடியே இருக்கும். மாறுவது அதன் உருவம். வருஷக்கணக்காகப் பாரம் தாங்கிய கம்பி, முழுவதும் பழைய நிலைக்குத் திரும்பாமல் சிறிது முறுகியபடியே தங்கிவிடுகிறது. வில்பட்டையும் அப்படியே சிறிது நிமிர்ந்து தட்டையாகிவிடுகிறது. வண்டி தாழ்ந்து நிற்பதற்குக் காரணம் இதுவே.

இரண்டாவது, “முறுக்கி ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டிப்படும்” என்பது. வீட்டுக் கூடத்து ஊஞ்சலை எண்ணிப் பாருங்கள். சங்கிலியில் ஒரு வளையத்தை மேலே தூக்கி மாட்டினால் பலகை உயரும். அதனால் சங்கிலியின் பலம் கூடுமா? கூடாது. முறுக்குக் கம்பியின் பின்முனையைச் சற்றுத் திருப்பிப் பொருத்துவதும் இதைப் போன்றதே. வண்டியின் பாரம் மாறவில்லை; ஆகவே அந்தப் பாரத்தினால் கம்பி முறுகும் அளவும் மாறாது. முறுக்கு எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பது மட்டுமே மாறுகிறது. வண்டி உயரும், விறைப்பு அப்படியே இருக்கும். பின்புறத்து வில்லில் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பதோ வேறு சங்கதி. அது உயரத்தோடு விறைப்பையும் கூட்டிவிடும். பின் ஆசனத்தில் உட்காரும் பாட்டியம்மாள் அதற்காக யாரையும் வாழ்த்தப் போவதில்லை.

உயரம் மாறினால் என்ன கெடும்?

“ஒரு விரற்கடை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன?” என்று கேட்கலாம்.

முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்துக்கொண்டிருக்கின்றன. மைனரில் மேல்கையாக இருப்பது ஷாக் அப்ஸார்பரின் கையேதான். சக்கரம் ஏறி இறங்கும்போது இக்கைகள் வட்டத்தின் ஒரு துண்டில் சுழல்கின்றன. சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் கோலும் தனக்குரிய வட்டத்தில் சுழல்கிறது. இந்த வட்டங்கள் ஒன்றோடொன்று இணங்கும்படி நிபுணர் வகுத்தது ஒரு குறிப்பிட்ட உயரத்தை மனத்தில் கொண்டுதான். அந்த உயரத்தை விட்டு வெகுதூரம் விலகினால் இணக்கம் கெடும். பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம், ஓட்டுபவர் திருப்பாமலே தானாகச் சிறிது திரும்பும். வேகமாகச் செல்லும் வண்டியில் இது விளையாட்டு அல்ல.

சைக்கிளின் முன்கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாய்வு இருப்பதால்தான் சைக்கிள் நேராக ஓடுகிறது. மோட்டார் வண்டியின் முன்சக்கரத்துக்கும் அத்தகைய சாய்வு உண்டு. முன்புறம் தாழ்ந்து பின்புறம் உயர்ந்தால் அது குறைந்துவிடும். வண்டி சாலையில் அலையும். முன்புறம் உயர்ந்து பின்புறம் தாழ்ந்தால் ஸ்டியரிங் கனக்கும். இரவில் விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் பாயும்.

மிகத் தாழ்ந்த வண்டியில் கீழ்க்கை, சிறு பள்ளத்திலேயே ரப்பர்த் தடுப்பை இடிக்கும். மிக உயர்த்திய வண்டியில் சக்கரம் கீழே இறங்க இடம் இராது. பள்ளத்துக்குள் இறங்க முடியாத சக்கரம் ஒரு கணம் சாலையை விட்டுவிடும். பிரேக்குக் குழாய் கூட எட்டாமல் இழுபடலாம். பள்ளத்துக்குப் பயந்து வண்டியை உயர்த்தியவர், பள்ளத்தைச் சமாளிக்கும் சக்தியையே இழந்துவிடுகிறார். இது வேடிக்கை அல்லவா?

முக்காலியும் நாற்காலியும்

இனி, வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்புறம் இடப்பக்கம் தாழ்ந்திருக்கிறது. இடப்பக்கத்துக் கம்பியை ஏற்றிவிடுவதுதானே? அவசரம் வேண்டாம்.

முக்காலியை எந்த மேடு பள்ளத்தில் வைத்தாலும் ஆடாது. நாற்காலிக்குத்தான் ஆட்டம். ஆடும் நாற்காலியின் ஒரு காலுக்கு அடியில் அட்டைத் துண்டு வைத்தால் என்ன ஆகிறது? அந்தக் காலிலும் அதற்குக் குறுக்கே எதிர்மூலையில் உள்ள காலிலும் பாரம் ஏறும். மற்ற இரண்டு கால்களிலும் குறையும். மோட்டார் வண்டியும் நாலு காலில் நிற்கிற பிராணிதான். முன் இடப்பக்கம் தாழ்ந்து தெரிவதற்குக் காரணம், பின்னால் இருக்கிற வில் ஒன்றின் தளர்ச்சியாகவும் இருக்கலாம். அதை அறியாமல் முன்கம்பியை ஏற்றினால், வண்டி பார்வைக்கு நிமிர்ந்து நிற்கும். ஆனால் குறுக்கு மூலைகள் இரண்டும் பாரத்தைச் சுமக்க, மற்ற இரண்டு சக்கரங்களும் சாலையை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். மழைநாளில் பிரேக்கை அழுத்தும்போதுதான் இந்தக் குட்டு வெளிப்படும்.

குற்றவாளி முன்னா பின்னா என்று அறிய எளிய உபாயம் ஒன்று உண்டு. பின் அச்சின் நடுமத்தியில் ஜாக்கியை வைத்து, பின்சக்கரங்கள் தரையை விட்டுச் சற்றே எழும்பும் வரையில் தூக்க வேண்டும். முன்சக்கரங்கள் நகராதபடி கட்டை கொடுத்திருக்க வேண்டும். இப்பொழுது பின்புறம் ஒரே புள்ளியில் நிற்பதால் நாற்காலி முக்காலியாகிவிட்டது. சாய்வு மறைந்துவிட்டால் குற்றம் பின்வில்லில். சாய்வு அப்படியே இருந்தால் குற்றம் முன்னால். இந்தச் சோதனை நடக்கும்போது வண்டிக்கு அடியில் யாரும் தலையை நீட்டக் கூடாது. ஜாக்கி என்பது தூக்குவதற்கு ஏற்பட்ட சாமான், தாங்குவதற்கு ஏற்பட்டதல்ல.

அளக்கும் முறை

புதுப்பித்த வண்டிகளில் இன்னும் சில விசேஷங்கள் உண்டு. எஞ்சினும் ஆசனங்களும் ஏற்றாத வெறுங்கூடு உயர்ந்துதான் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, “ஐயோ, உயரம் அதிகம்” என்று இறக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் ஏற்றிய பிறகு வண்டி தரையில் படுத்துவிடும். ஆகையால் எல்லாச் சாமான்களையும் பொருத்தி, வண்டியைச் சிறிது ஓட்டி, புதிய உறுப்புகள் படிந்து அமைந்த பிறகே அளக்க வேண்டும்.

ரப்பர் புஷ்களையும் கவனிக்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே புஷ்களின் நட்டுகளை இறுக்கிவிட்டால், ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் அந்த ரப்பர் முறுகி நின்று, வண்டியைப் பொய்யான உயரத்தில் தாங்கும். சில மாதங்களில் ரப்பர் கிழியும், உயரமும் போகும். வண்டி தன் கால்களில் தன் பாரத்தோடு நிற்கும்போதே அந்த நட்டுகளை முடிவாக இறுக்க வேண்டும்.

அளப்பதற்கு முதலில் தரை சமமா என்று பார்க்க வேண்டும். கொத்தனாரின் ரசமட்டம் இதற்குப் போதும். நான்கு டயர்களும் ஒரே அளவினவாகவும், உரிய காற்றோடும் இருக்க வேண்டும். ஜாக்கியிலிருந்து அப்பொழுதுதான் இறக்கிய வண்டியை அளக்கக் கூடாது. டயர்கள் தரையைப் பிடித்துக்கொண்டு அதை உயரத்தில் நிறுத்தியிருக்கும். வண்டியை முன்னும் பின்னும் சில அடி உருட்டி, நான்கு மூலைகளிலும் அழுத்தி அழுத்தி விட்டு, அது தானாக அமைந்த பிறகு அளக்க வேண்டும். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளப்பது சுலபம். ஆனால் மட்கார்டே புதிதாகப் பொருத்தியதாயின் அது ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருக்கலாம். அப்பொழுது அடிச்சட்டத்தில் இரு பக்கமும் ஒத்த இடங்களைக் குறித்துக்கொண்டு அளப்பதே உத்தமம். நான்கு அளவுகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதிக்கொள்ள வேண்டும். கம்பெனியின் கையேடு கிடைத்தால் அதில் கண்ட அளவோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

திருத்தும் முறை

இவ்வளவும் செய்த பின்னும் உயரம் தவறாக இருந்தால், அப்பொழுது கம்பியைத் திருத்தலாம்.

மைனரின் ஒரு முன்சக்கரம் சுமப்பது சுமார் 200 கிலோ. கம்பியின் முறுக்கில் அந்தப் பாரம் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. வண்டியின் உடலை உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்தி, கம்பியின் முறுக்கை முழுவதும் தளர்த்திய பிறகே எந்த நட்டையும் கழற்ற வேண்டும். முறுக்கு அடங்காத கம்பியின் பிடியைத் தளர்த்துவது, அணைக்கட்டின் மதகுக்கு எதிரே நின்றுகொண்டு கதவைத் திறப்பதைப் போன்றது. அனுபவமுள்ள மெக்கானிக் அருகில் இல்லாமல் இதில் கைவைக்கலாகாது.

கம்பியின் முனைகளில் நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரு பல் தள்ளிப் பொருத்தினால் வண்டி உயரும் அல்லது தாழும். ஆனால் ஒரு பல் என்பது பல சமயம் பெரிய அளவாகிவிடும். இதற்கு ஜெர்மானியர் செய்த தந்திரம் ரஸமானது. அவர்களுடைய ‘வண்டு’ வோக்ஸ்வாகனின் பின்புறத்துக் கம்பியில் உள்முனையில் 40 பற்கள், வெளிமுனையில் 44 பற்கள். உள்முனையில் ஒரு பல் என்பது 9 பாகை. வெளிமுனையில் ஒரு பல் என்பது ஏறக்குறைய 8.2 பாகை. உள்முனையில் ஒரு பல் முன்னே தள்ளி, வெளிமுனையில் ஒரு பல் பின்னே தள்ளினால், மீதி நிற்பது ஒரு பாகைக்கும் குறைவு. கையின் நீளம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் நுனியில் இது 6 மில்லிமீட்டருக்கும் குறைந்த உயரமாகிறது. பெரிய பற்களைக் கொண்டே சிறிய அளவைப் பெற்றுவிட்டார்கள்! பின்னாளில் வந்த மைனர்களில் இந்த நுண்ணிய திருத்தத்துக்காகப் பல துவாரங்களுள்ள ஒரு தகடு கம்பியின் பின்முனையில் அமைந்திருந்தது.

கம்பியைக் கழற்றினால் இடது வலது மாறாமல் பொருத்த வேண்டும். ஒரு திசையில் முறுகிப் பழகிய கம்பியை எதிர்த்திசையில் முறுக்கினால் அது முறியவும் கூடும். திருத்தம் முடிந்ததும் முன்சக்கரங்களின் அலைன்மெண்ட், விளக்குகளின் நோக்கு, பிரேக்குக் குழாய்களின் தளர்வு ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அளக்க வேண்டும்.

மறைக்கக் கூடாத நோய்

இப்பொழுது நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். சில வேளைகளில் வண்டி தாழ்ந்து நிற்பது கம்பியின் குற்றமே அல்ல. கம்பியின் பின்முனை பிணைந்திருக்கும் குறுக்குச் சட்டம் மைனரில் துருப்பிடிக்கும் இடங்களில் ஒன்று. மேலே புது வர்ணம் மின்னும். கீழே சட்டம் அரித்துப்போயிருக்கும். அந்தச் சட்டம் மெள்ள மெள்ள இணங்கிக் கொடுப்பதாலேயே ஒரு பக்கம் தாழலாம். அந்த நிலையில் கம்பியை ஏற்றி வண்டியை நிமிர்த்துகிறவர், நோயைக் குணப்படுத்தவில்லை. நோயின் அடையாளத்தை அழித்துவிடுகிறார். வண்டி, “எனக்குக் காலில் பலமில்லை” என்று தன் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வாயைப் பொத்திவிட்டோம்.

சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியன் என்னும் மரைமூட்டும் அப்படிப்பட்டதே. கிரீஸ் வைக்க மறந்தால் அதன் மரை தேய்ந்துகொண்டே வரும். ஒருநாள் மூட்டு விட்டுப்போய், முன்சக்கரம் மடங்கிவிடும். மைனர்க் குடும்பத்தில் இது பிரசித்தமான வியாதி. உயரத்தைத் திருத்த வண்டியைத் தூக்கும்போதெல்லாம் குறுக்குச் சட்டத்தைத் தட்டிப் பார்ப்பதும், இந்த மூட்டை அசைத்துப் பார்ப்பதும் கடமையாகும். பழைய வண்டியில் ஏறப்போவது கண்காட்சி நீதிபதிகள் அல்ல, நமது குழந்தைகள்.

இவற்றையெல்லாம் நன்கு அறிந்தவர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் 1990-களின் யுத்தகாலத்தில் பெட்ரோலும் உதிரிச் சாமான்களும் அரிதாகிவிட்டன. அங்கிருந்த தமிழ் மெக்கானிக்குகள் மாரிஸ் மைனரையும் ஆஸ்டினையும் சில துளிப் பெட்ரோலில் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சீமையில் பிறந்த வண்டிகள் சீமையார் கனவிலும் எண்ணாத விதத்தில் உயிர் பிழைத்தன. நமது ஊர்களின் அம்பாஸடர்ப் பட்டறைகளிலும், காதால் கேட்டே கோளாறு சொல்லும் மேஸ்திரிகள் இருந்திருக்கிறார்கள். இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

ஆனால் அவர்களுடைய அறிவு எங்கே இருக்கிறது? அவர்களுடைய கையில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை. கம்பெனிகளின் கையேடுகளோ ஆங்கிலத்தில் இருக்கின்றன. கையேட்டைப் படித்தவருக்கு வேலை தெரிவதில்லை. வேலை தெரிந்தவருக்குக் கையேடு எட்டுவதில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைத் தமிழால்தான் நிரப்ப வேண்டும். ஒரு மேஸ்திரி கண்ணை மூடும்போது, எந்த வண்டிக்கு எந்த உயரம், எந்தச் சத்தத்துக்கு என்ன காரணம் என்ற அவருடைய சொத்து முழுவதும் அவரோடு போய்விடுகிறது. சுதேசித் தொழில் வளர வேண்டும் என்று மேடையில் முழங்குகிற நாம், நாற்பது வருஷம் உழைத்த ஒரு கையின் அனுபவத்தை நாலு பக்கம் எழுதி வைத்துக்கொள்ள முயற்சி செய்தோமா?

பழைய வண்டி வைத்திருக்கும் குடும்பத்தார் ஒவ்வொருவரும் ஒரு சிறு காரியம் செய்யலாம். வண்டியின் நான்கு மூலை அளவுகளையும், செய்த திருத்தத்தையும், அதற்கு மேஸ்திரி சொன்ன காரணத்தையும் தமிழிலே எழுதி, வண்டியிலேயே ஒரு நோட்டுப் புத்தகமாக வைத்துவிடலாம். வீட்டில் படிக்கிற பையனோ பெண்ணோ மேஸ்திரியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதினால், அது பள்ளிக்கூடத்துப் பாடத்துக்குக் குறைந்த பாடமாக இராது. நாளைக்கு அந்த வண்டியைத் தொடப்போகிறவர் முதலில் புத்தகத்தைப் படிப்பார், பிறகு அளப்பார், அதன் பிறகுதான் ஸ்பானரை எடுப்பார். அந்த வரிசை மாறாதிருக்கும் வரையில், வண்டியும் சரியான உயரத்தில் நிற்கும். அதில் ஏறுகிறவர்களும் க்ஷேமமாக வீடு திரும்புவார்கள்.